அப்பாவின் கொழுப்பு

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். என் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் நீங்கள் அனுப்பிய ஏழு வாழ்த்து அட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. முதல் அட்டைக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெட்கமாகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் போனில் வாய் வராது. வீட்டில் இருப்பதோ ஒரே அறை, அப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவது?

அப்பாவுக்கு மறதி நோய் வந்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் கையில் காகிதமே இல்லாமல் நூறு வண்டிகளின் நேரத்தையும் மைக்கில் சொல்வாரே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஐந்தாவது நடைமேடையில் நின்ற வண்டியை இரண்டாவதில் நிற்பதாகச் சொல்லிவிட்டார். ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வேறு ஏதோ ஊரில் போய் இறங்கியது. அடுத்த மாதமே மறுபடி அப்படி நடந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரைத் தனியாக விட முடியாததால் நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். எழுந்து நின்று படிக்கச் சொல்ல இனி யாரும் இல்லை என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். இப்போது சட்டைகளில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டனும் தைக்கிறேன். தையல் நிலையத்தில் கட்டிக் கொடுப்பதை வீட்டிலேயே வைத்துத் தைக்கலாம். அங்கே இருக்கும் மேற்பார்வை அக்கா, "உன்னைப் பெத்தாங்களா, படமா வரைஞ்சாங்களா? வாயைத் திறடி" என்பாள்.

போன வாரம் அப்பாவைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் அப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்றார். "ஏன் டாக்டர், காலண்டர் வாங்கலையா?" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். அப்பாவும் மறுபடி அதையே சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். அம்மா, அவர் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை.

நீங்கள் தேதி போட்டு வைத்திருந்த பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் காட்டினேன். கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு என்று இருந்தது. நடு வயதில் பல வருஷம் கொழுப்பு அதிகமாக இருந்தால் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுமாம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கொழுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை அப்பா எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அப்பா தினமும் உங்களைக் கேட்கிறார். "மத்தியான வண்டி வந்துடுச்சே, அவ இன்னும் வரலையா?" என்கிறார். ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போக முடியுமா?

உங்கள் மகள்

*

மார்ச் 14

அன்பு வாயாடிக்கு,

ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். நினைவிருக்கிறதா? உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் விடுதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்பு என்னை "நீ" என்றுதான் சொல்வாய். இப்போது "நீங்கள்". ஏழு வருஷத்தில் நான் பெரிய மனுஷியாகிவிட்டேன் போலிருக்கிறது.

உன் அப்பாவுக்குக் கொழுப்பு அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய டாக்டர் வேண்டியிருந்ததா? என்னைக் கேட்டிருந்தால் ஒரு ஊசிகூடப் போடாமல் சொல்லியிருப்பேனே. அது ரத்தத்தில் இருந்ததைவிட நாக்கில்தான் அதிகம்.

இதை எழுதிவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுஷனுக்குக் கிழமை தெரியவில்லை என்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

ஆனால் வரச் சொல்லாதே. நான் எப்படிப் புறப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கையில் பையோடு, கிளம்பிக்கொண்டிருந்த வண்டியைப் பிடிக்க ஓடிவந்தேன். மைக்கில் அவர் குரல். "மூணாவது நடைமேடை டிரைவர் கவனத்துக்கு. ஓடி வர்றது என் சம்சாரம். ஏறினா வண்டி இடது பக்கம் சாயும். பயணிகள் எல்லாரும் வலது பக்கம் உட்காரவும்." பேருந்து நிலையமே சிரித்தது. வேர்க்கடலை விற்றவன்கூடச் சிரித்தான். அன்று ஏறியவள்தான். ஒருநாள் பேச்சுக்காகப் போனேன் என்று எல்லோரும் சொன்னார்கள். பதினாறு வருஷப் பேச்சு அது. அன்றைக்கு அதற்கு மைக் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகு உன்னைக் கூப்பிடத்தானே வந்தேன். பெரியப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, "நீ யார்கூட இருக்கே?" என்று கேட்டபோது நீ என் பக்கம் திரும்பவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தாய். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. அந்த மாத்திரையை அவர் எப்போது விட்டார்?

அம்மா

*

மார்ச் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் போன ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். "இது அவ மாத்திரை. அவளோடயே போகட்டும்" என்று அட்டையோடு குப்பைக் கூடையில் போட்டார். நான் அதை எடுத்துத் துடைத்து என் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். தினமும் கொடுக்க நினைப்பேன். ஒருநாள் அவர் தட்டின் ஓரத்தில் ஒன்றை வைத்தேன். "யாரு வச்சது?" என்றார். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதை விரலால் சுண்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் வைக்கவில்லை.

"சாப்பிடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னால் அவர் கேட்டிருப்பார். தைக்கும்போதெல்லாம் அதையேதான் நினைக்கிறேன். அவரது மறதிக்கு நான்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்க ஒரு சீட்டு எழுதினேன். அதைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பெரியப்பா வீட்டில் நான் அப்பாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினோரு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. "புள்ள ஒண்ணும் சொல்லலை, இங்கேயே இருக்கட்டும்" என்று பெரியப்பாதான் முடித்துவிட்டார். உங்களோடு வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் படியிறங்கிப் போகும்போதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா சாப்பாட்டுத் தட்டை இப்போதெல்லாம் காலி செய்துவிடுகிறார். அது ஒன்றுதான் நல்ல செய்தி. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஊசியைக் கண்டாலே அப்பா எழுந்து ஓடுகிறார்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 1

என் கண்ணே,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வார்டன் அம்மா, "என்ன, சாவிக்கொத்தை முழுங்கிட்டியா?" என்று கேட்டார். இந்த விடுதியின் நாற்பது அறைச் சாவிகளும் என்னிடம்தான். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. பத்து வயதுப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்பதை மட்டும் கவனிக்காமல் வந்துவிட்டேன்.

மாத்திரை விஷயத்தில் நீ உன்னைக் குறை சொல்லாதே. அது என் தப்பு. நான் இல்லாவிட்டால் அவர் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இனி யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று. வருத்தப்பட்டு இல்லை, திருப்தியாக நினைத்தேன். அப்படி நினைத்தவளுக்கு இப்போது இந்தச் செய்தி வந்திருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. வந்து என் கையால் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

உனக்கு இப்போது எந்த அளவுச் சட்டை? எழுது.

அம்மா

*

ஏப்ரல் 10

அம்மா,

நல்ல செய்தி! நல்ல செய்தி! இனி "நீ" என்றே எழுதப்போகிறேன்.

நேற்று அப்பாவுக்கு ரத்தம் எடுத்தோம். பரிசோதனை நிலையத்து அண்ணனிடம் அப்பா அடம்பிடித்தார். அந்த அண்ணன், "சார், இது டிக்கெட். கையை நீட்டுங்க, பஞ்ச் பண்ணணும்" என்றதும் சமர்த்தாக நீட்டிவிட்டார். இன்று முடிவு வந்தது. கொழுப்பு நூற்று நாற்பத்தெட்டு! நான் நம்பாமல் பேர் சரியா என்று நாலு தடவை பார்த்தேன். அந்த அண்ணனே, "அடேயப்பா, எனக்கே இவ்வளவு நல்லா இல்லையே. உங்க அப்பா என்ன சாப்பிடறாரு?" என்று கேட்டார். ஒரு மாத்திரைகூட இல்லாமல் பாதியாகக் குறைந்திருக்கிறது அம்மா. ஆக, அது தானாகவே சரியாகிவிட்டது. நீயும் காரணமில்லை, நானும் காரணமில்லை. டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் காட்ட வேண்டும்.

அந்த இன்னொரு கொழுப்பும் குறைந்துவிட்டது, தெரியுமா? அப்பா இப்போது யாரையும் கிண்டல் செய்வதில்லை. பக்கத்து வீட்டு மாமா வேண்டுமென்றே அவர் எதிரில் வந்து நின்று, "என்ன மைக், என் வழுக்கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுப் பார்த்தார். அப்பா அவருக்கு உட்கார இடம் விட்டார். நல்ல மனுஷனாகிவிட்டார் அம்மா. நீ வந்தால் உன்னையும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நீ படுப்பதற்கு ஜன்னல் பக்கத்தை ஒழித்து வைத்திருக்கிறேன். சட்டைக் கட்டுகளையெல்லாம் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். எனக்கு முப்பத்திரண்டு அளவு. பட்டன் மட்டும் நானே தைத்துக்கொள்கிறேன், கடைக்காரன் தைத்தால் ஒரு மாதத்தில் அறுந்துவிடும்.

உன் மகள்

*

ஏப்ரல் 17

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஏழு வருஷமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது போல இருக்கிறது. நூற்று நாற்பத்தெட்டு! அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சாவிக்கொத்தில் கட்டி வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் புது அறை எண் என்று நினைக்கிறார்கள்.

பார்த்தாயா, கடைசியில் அவர் கொழுப்பை அடக்க நான் தேவைப்படவே இல்லை.

ஒரு விஷயம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே புதிதாகச் சேரும் பெண்கள் இந்த மாதம்தான் வருவார்கள். வார்டன் அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. உடம்பு தேறிவருகிறது என்றால் அவசரமாக ஓடிவர வேண்டியதில்லை அல்லவா? விடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூட்டம் குறையட்டும், பிறகு பார்க்கலாம்.

உனக்குச் சட்டை வாங்கியாகிவிட்டது. நீல நிறம். பட்டன் தைக்காமல் தனியாக ஒரு பொட்டலத்தில் போட்டு அனுப்புகிறேன்.

அம்மா

*

ஏப்ரல் 29

அம்மா,

சட்டை வந்தது. சரியாக இருக்கிறது.

டாக்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "எடை பார்த்தீங்களா?" என்றார். அப்பாவை மிஷினில் ஏற்றினார்கள். ஒரு வருஷத்தில் பதினோரு கிலோ குறைந்திருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. இடுப்பு வேட்டி நழுவுகிறது என்று ஊக்குக் குத்திவிட்டேன், அவ்வளவுதான்.

"மாத்திரை இல்லாம, உணவுக் கட்டுப்பாடு இல்லாம, தானா இவ்வளவு குறைஞ்சா அதுல சந்தோஷப்பட ஒண்ணும் இல்லைம்மா" என்றார் டாக்டர். "இந்த நோய் வந்தவங்களுக்கு எடையும் கொழுப்பும் சில சமயம் இப்படி இறங்கும். உடம்பு கரையுது. சரியா சாப்பிடறாரா?" தட்டு காலியாகத்தான் வருகிறது என்று சீட்டில் எழுதிக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் தேடினேன். கட்டிலுக்குப் பின்னால், சுவரோரமாக, செய்தித்தாளில் மடித்து மடித்து வைத்திருந்தார். எத்தனை நாள் சாப்பாடு என்று தெரியவில்லை. "ஏம்பா?" என்று கேட்டேன். "வண்டியில வர்றவங்களுக்கு" என்றார். வாயில் வைத்ததை மெல்ல வேண்டும் என்பதே அவருக்குச் சில வேளை மறந்துபோகிறது. இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மென்று காட்டுகிறேன். என்னைப் பார்த்து அவரும் மெல்லுகிறார்.

அந்த எண்ணைச் சாவிக்கொத்திலிருந்து எடுத்துவிடு அம்மா. அது நல்ல எண் இல்லை. ரத்தத்தில் இருந்ததும் நாக்கில் இருந்ததும் குறைந்ததைச் சந்தோஷமாக உனக்கு எழுதினேனே, இரண்டுமே அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததுதான். நான் அதைத் தேறுவதாக நினைத்துவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி இந்தத் தடவை சீட்டில் எழுதாமல் வாயாலேயே கேட்டேன். "ஏழு வருஷம் சாப்பிடலை. அதனாலதானா?" டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "சாப்பிட்டிருந்தா நல்லதுதான். இதயத்துக்கும் நல்லது. ஆனா சாப்பிட்டிருந்தா இது வந்தே இருக்காதுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. எத்தனையோ காரணம் சேர்ந்து வர்றது இது. வீட்டுல யாரு மேலயும் பழி போடாதீங்க." அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். எனக்கும் உனக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.

அதனால் அப்பாவுக்காக நீ வர வேண்டாம். வந்தாலும் அவருக்குத் தெரியாது. என்னையே இப்போது, "எந்த ஊருக்குப் போகணும்மா?" என்றுதான் கேட்கிறார். மரியாதையாகக் கேட்கிறார். முதலில், "இங்கேதாம்பா" என்று சொன்னேன். "அப்ப இறங்கும்மா, இது கடைசி ஸ்டாப்" என்கிறார். இப்போது வாயில் வந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நேரமும் நடைமேடையும் சொல்கிறார்.

எனக்காக வா. இந்த வீட்டில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

உன் மகள்

*

மே 12

என் கண்ணே,

உன் கடிதம் வந்த அன்றே பையில் துணி எடுத்து வைத்தேன். மறுநாள் பிரித்தேன். மறுபடி எடுத்து வைத்தேன். இப்படியே ஒன்பது நாள். உனக்குப் பொய் எழுதக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நாள்.

என்னால் அங்கே வர முடியாது.

என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த வரையில் கிளம்பத் தயாராக இருந்தேன். அது அவர் மேல் இருக்கும் பாசம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை நீ எழுதியதைப் படித்ததும் அந்தத் தப்பு கையை விட்டுப் போய்விட்டது. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை கண்ணே. அவருக்காக என்னிடம் ஒன்றும் இல்லை.

உனக்காக வரச் சொல்கிறாய். வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் அவருக்கு நான் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள் திரும்ப முடியாது. வாயால் குத்திய மனுஷனை விட்டுவிட்டு வர என்னால் முடிந்தது. உட்கார இடம் விடுகிற மனுஷனை விட்டுவிட்டு வர முடியாது. அதற்குத்தான் பயப்படுகிறேன். இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

நீ இங்கே வா. அவரைப் பார்த்துக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. வார்டன் அம்மாவுக்கு ஆட்களைத் தெரியும். என் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் இத்தனை வருஷமாக விடுதி விரிப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். நேற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெத்தையை வெயிலில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே சத்தம் கிடையாது. நீ பேசாமலே இருக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அம்மா

*

மே 20

அம்மா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு எதிரிலேயே படித்தேன். "யாரு போட்டிருக்கா?" என்றார். "அம்மா" என்றேன். "உங்க அம்மாவா? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொன்னேன்.

உன் மேல் கோபம் இல்லை. திரும்ப முடியாது என்கிறாய். ஆனால் நீ வந்திருந்தால், பத்தாம் நாள் நீ படியிறங்குவதை நான் மறுபடி பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மேற்பார்வை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நானாகவே பேசியதும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "போயிடுடி. உனக்குப் பதினேழு வயசு. யாரு உன்னைக் குத்தம் சொல்லப் போறா?" என்றாள். ஒருநாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். வார்டன் அம்மாவுக்குத் தெரிந்த இடத்தில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டால் அங்கே யாராவது வேளாவேளைக்குத் தட்டு வைப்பார்கள். தட்டு காலியாக வந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மென்று காட்ட மாட்டார்கள். இரண்டு வாரத்தில் எடை முந்நூறு கிராம் ஏறியிருக்கிறது. டாக்டர், "பரவாயில்லையே" என்றார். அவ்வளவுதான் ஏறும் என்றும் சொன்னார்.

அதனால் இப்போது வர முடியாது.

இது எவ்வளவு நாள் போகும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டிலில் மறுபடி விரிப்புகளை அடுக்கிவிடாதே. வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

மேலே கோடு போட்டு அடித்திருப்பதும் இதே வரிதான். அப்பா இங்கே உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும்போதே அவருக்குப் பிறகு வரப்போவதை எழுதுகிறோமே என்று அடித்துவிட்டேன். பிறகு மறுபடியும் எழுதினேன்.

உன் மகள்